தளவாய் அண்ணாச்சியின் ரேஞ்சர்

பாளையங்கோட்டையில் ஒரு குரு இருக்கிறாள். பெயர் இசக்கி, வயது முப்பத்து நான்கு. ஒரு மாடி இன்ஸ்டிட்யூட்டில் ஆறு நாள் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுப்பாள். ஏழாம் நாள் மதியம் மெஷின்களுக்கெல்லாம் உறை மாட்டிவிட்டு, அதே மாடியில் உலகம் ஒன்றைப் படைப்பாள்.

சீடருக்கு வயது ஐம்பத்தொன்று. பெயர் தளவாய். மிக்ஸி, குக்கர் பழுதுபார்க்கிற கடை வைத்திருக்கிறார். இன்ஸ்டிட்யூட்டில் ஃபேன் மாட்ட வந்தவர், நாங்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு ஏணியிலேயே ஒரு மணி நேரம் நின்றுவிட்டார். மறுவாரம் சொந்தப் பகடையோடு வந்தார்.

நான் ஜுலைகா. ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. இந்தக் கதையில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. அதை மறைத்துச் சொல்ல எனக்கு வராது.

ஆட்டம் இப்படி. குரு ஒரு நாட்டைச் சொல்வாள். மலை, காடு, இடிந்த கோட்டை. நாங்கள் ஆளுக்கொரு வேடத்தில் அதற்குள் போவோம். எதிரே அரக்கன் நிற்கிறான், என்ன செய்கிறாய் என்று கேட்பாள். சொல்வோம். சொன்னது நடந்ததா இல்லையா என்பதை இருபது முகப் பகடை தீர்மானிக்கும். பெரிய எண் விழுந்தால் நடந்தது.

ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் உண்டு. நம் ஆள் யார், அவனுக்கு என்னென்ன தெரியும் என்று அதில் எழுதியிருக்கும். நான் கிளெரிக், காயம் ஆற்றுகிறவள். பி.டி. மாஸ்டர் கனகமணி ரோக், அதாவது திருடன், பூட்டுத் திறக்கிறவர். பள்ளிக்கூடத்தில் அப்படியில்லை, தங்கமான மனிதர். தளவாய் அண்ணாச்சிக்குப் பிடித்தது ரேஞ்சர். கையில் வில், கண்ணில் காட்டுத் தடம்.

ஆள் படிப்படியாக வளர்வான். ஒவ்வொரு படியிலும் பழைய தொழிலிலேயே இன்னும் தேறலாம். இல்லையென்றால் வேறொரு தொழிலைச் சேர்த்துக்கொள்ளலாம். அண்ணாச்சி மாட்டிக்கொண்டது அந்த இல்லையென்றாலில்தான்.

அடுத்த கதை எட்டாம் படியிலிருந்து தொடங்கும் என்று குரு அறிவித்திருந்தாள். எடுக்கிற தொழில்களின் படிகளைக் கூட்டினால் எட்டு வர வேண்டும். எல்லாருடைய தாளும் கைக்கு வந்த பிறகுதான் தொடக்கம். மாஸ்டரும் நானும் அன்றைக்கே கொடுத்துவிட்டோம். அண்ணாச்சி ஒரு கிராஃப் தாளை விரித்தார்.

“டீச்சர், ரேஞ்சர் அஞ்சு, ரோக் ரெண்டு, கிளெரிக் ஒண்ணு. சரியா?”

“சரி.”

மறுவாரம் வந்தார்.

“ரேஞ்சர் நாலு, ரோக் மூணு, கிளெரிக் ஒண்ணு. இது?”

“இதுவும் சரி.”

“அதெப்படி டீச்சர், ரெண்டும் சரியாகும்?”

“எட்டு வருதுல்லா.”

அண்ணாச்சி தாளை மடித்துப் பையில் வைத்தார். அதற்கடுத்த வாரம் வேறு தாள் வந்தது. ஐந்தாம் படி ரேஞ்சருக்குத்தான் ஒரே மூச்சில் இரண்டு அம்பு விடத் தெரியும். அதனால் ஐந்தைத் தொடாமல் நிறுத்தக் கூடாது. ஆனால் ஐந்து வரை போனால் ரோக்குக்கு இரண்டுதான் மிஞ்சும். கிளெரிக்கை முதலில் எடுத்தால் கவசம் கிடைக்கும். கவசம் போட்டால் பதுங்கி நடக்க முடியாது. இப்படியே பதினொரு வாரம் போயிற்று. பதினொரு வாரமும் நாங்கள் பழைய கதையின் மிச்சத்தைத் துடைத்து எடுத்து ஆடிக்கொண்டிருந்தோம். அவர் பக்கத்து நாற்காலியில் பென்சிலோடு உட்கார்ந்திருந்தார்.

எனக்கு வயிறு எரிந்தது. எந்தத் தாளாக இருந்தாலும் அதில் ஒரு மூலையில் கிளெரிக் இருந்தது.

ஒருநாள் குருவிடம் நேராகவே சொன்னேன். “அக்கா, அண்ணாச்சி அந்தத் தாளோட வந்தா நான் வரல. காயத்த அவரே ஆத்திக்கிடுவாரு, பூட்ட அவரே தொறந்துக்கிடுவாரு. பெறவு நானும் மாஸ்டரும் வந்து மிக்சர் திங்கவா?”

“அவர்கிட்ட சொன்னியா?”

“நீங்கதானே குரு. நீங்க சொல்லுங்க.”

அவள் சொல்லிவிட்டாள். ஒளிவுமறைவெல்லாம் அவளுக்குப் பழக்கமில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் தாள் வர வேண்டும், வராவிட்டால் மற்ற இரண்டு பேரை வைத்துத் தொடங்கிவிடுவேன் என்றாள். தாள் இப்படியே வந்தால் ஜுலைகா எழுந்து போய்விடுவாள் என்றும் சொன்னாள். அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். ஒன்றும் விளங்காத முகத்தோடு பார்த்தார்.

அவரைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கே போனாலும் அவருக்கு வேண்டியதெல்லாம் அவர் பையில் இருக்கும். தண்ணீர், நாற்காலிக்குக் குஷன், ஒரு டப்பாவில் வறுத்த கடலை, இரண்டு ஸ்குரூடிரைவர். நாங்கள் முறுக்கை நீட்டினால், “எங்கிட்ட இருக்கும்மா” என்பார். மனைவி குவைத்தில் நர்ஸ். போய் ஒன்பது வருடம் ஆகிறது. மகன்கள் இரண்டு பேரும் விடுதியில் படிக்கிறார்கள். ஒருமுறை நூற்று மூன்று டிகிரி காய்ச்சலோடு எங்கள் லேபுக்கு ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு வந்தார். ஊசி குத்தும்போது, யாரையாவது கூப்பிடட்டுமா அண்ணாச்சி என்று கேட்டேன். எதுக்கு, எனக்கு வண்டி ஓட்டத் தெரியும்லா என்றார்.

பன்னிரண்டாவது ஞாயிற்றுக்கிழமை வந்தது.

அண்ணாச்சி ஐந்து கிராஃப் தாள்களை மேஜையில் பரப்பினார். கண் சிவந்திருந்தது.

“டீச்சர், எனக்குக் குழம்பிப் போச்சு. அஞ்சும் சரியா இருக்கு. அஞ்சும் தப்பா இருக்கு. நீங்களே ஒண்ணச் சொல்லிருங்க. இந்த எடம் போனா எனக்கு ஞாயித்துக்கிழமையும் கடைதான்.”

“உங்களுக்கு என்ன வேணும் அண்ணாச்சி?”

“யாருக்கும் தொந்தரவு இல்லாம ஒரு ரேஞ்சர். அவ்வளவுதான்.”

“தொந்தரவுன்னா?”

“அடிபட்டா ஜுலைகாவக் கூப்பிடக் கூடாது. பூட்டு வந்தா மாஸ்டர எதிர்பாக்கக் கூடாது. நான் புதுசு. எனக்காக இவங்க ஆட்டத்த நிறுத்திக்கிட்டு நிக்கக் கூடாதுல்லா? எம்பாட்ட நானே பாத்துக்கிடணும். அதுக்கு எதுல எத்தன படி?”

என் வேலையைப் பிடுங்க வருகிறார் என்று நான் நினைத்திருந்தேன். அவர் எனக்கு உபகாரம் செய்வதாக நினைத்திருக்கிறார். வெட்கமாக இருந்தது. கோபமும் முழுக்கப் போகவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

குரு கிராஃப் தாள்களை ஒன்றாக அடுக்கி ஓரமாக வைத்தாள்.

“ஜுலைகா, மாஸ்டர், ரெண்டு பேரும் அந்த மெஷின் பக்கம் போய் இருங்க. இன்னைக்கு அண்ணாச்சி மட்டும் ஆடட்டும்.”

போனோம். உறை போட்ட டைப்ரைட்டர்களுக்கு நடுவே இரண்டு ஸ்டூலில் உட்கார்ந்தோம். அங்கிருந்து எல்லாம் கேட்கும்.

“எட்டுப் படி எதுக்கு? ரேஞ்சர் இருபது எடுத்துக்கிடுங்க. ரோக் இருபது. கிளெரிக் இருபது.”

“விதிப் புத்தகத்துல அப்படி இல்லையே டீச்சர்.”

“இன்னைக்கு இருக்கு.”

அண்ணாச்சி அவளை நம்பாமல் பார்த்தார். பிறகு புதுத் தாள் எடுத்து மூன்று இருபதை எழுதினார். ஒவ்வொன்றின் மேலும் பென்சிலை இரண்டு தடவை ஓட்டினார். மனிதருக்கு அவ்வளவு ஆசை.

குரு தொடங்கினாள். “மலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரு. ஊரே காய்ச்சல்ல கெடக்கு. இந்த மருந்துப் பெட்டிய அங்க கொண்டு சேக்கணும். நாலு நாள் நடை.”

“போறேன்.”

“மலை அடிவாரத்துல இரும்புக் கதவு. பூட்டியிருக்கு.”

“ரோக் இருபது.” பகடையை உருட்டினார். கதவு திறந்தது.

“புதருக்குள்ள இருந்து பாம்பு கொத்திட்டு.”

“கிளெரிக் இருபது.” விஷம் இறங்கியது.

“வழி மூணாப் பிரியுது.”

“ரேஞ்சர்.” குனிந்து தடம் பார்த்தார். சரியான வழியில் போனார். வழிமறித்த இரண்டு கொள்ளைக்காரர்கள் இரண்டு அம்பில் விழுந்தார்கள்.

பன்னிரண்டு வாரத்தில் அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. “மனுசன் கலக்குதாரே” என்றார் மாஸ்டர் என் காதருகில். எனக்குக் கேட்கப் பிடிக்கவில்லை. நாங்கள் இல்லாமல் ஆட்டம் ஜோராக நடந்தது.

“பொழுது சாயுது அண்ணாச்சி. எங்கன தங்குதீய?”

“பாறைக்கு அடியில. தீ மூட்டிக்கிடுதேன்.”

“காவல் யாரு?”

எங்கள் மேஜையில் இது வழக்கம். கதையில் இருட்டினால் குரு இதைக் கேட்காமல் விடமாட்டாள். ஒருவர் தூங்கினால் ஒருவர் விழித்திருக்க வேண்டும். யாருக்கு முதல் காவல், யாருக்குக் கடைசி என்று நாங்கள் அடித்துக்கொள்வோம். மாஸ்டர் எப்போதும் கடைசியைக் கேட்டு வாங்குவார். நிஜத்திலும் நாலு மணிக்கு எழுந்து மைதானத்துக்குப் போகிறவர். பதினொரு வாரமும் இந்தச் சண்டையை அண்ணாச்சி பக்கத்திலிருந்து கேட்டவர்தான். தாள் கொடுக்காததால் அவரிடம் மட்டும் யாரும் கேட்டதில்லை.

“நாந்தான்” என்றார்.

“அப்ப தூங்குறது யாரு?”

அண்ணாச்சி நிமிர்ந்தார்.

“மொத ராத்திரிதானே. முழிச்சுக்கிடுதேன்.”

“சரி. விடிஞ்சிட்டு. உடம்பு அசதி. இனிமே ஒவ்வொரு பகடையிலயும் ரெண்டு கொறச்சுக்கிடுங்க.”

இரண்டாம் நாள் ஓடையைத் தாண்டும்போது கால் வழுக்கியது. மான் மீது விட்ட அம்பு மரத்தில் குத்தி நின்றது. வறுத்த கடலை டப்பாவைத் திறந்தார். தின்னாமல் மூடினார்.

“பொழுது சாயுது. காவல் யாரு?”

விதிப் புத்தகத்தைப் புரட்டினார். விரல் ஓர் இடத்தில் நின்றது.

“ரேஞ்சருக்கு ஒரு மந்திரம் இருக்கு டீச்சர். சுத்தி மணி கட்டுன மாதிரி. ஏதாவது உள்ள வந்தா அடிச்சு எழுப்பிரும்.”

“கட்டிட்டீயளா?”

“கட்டிட்டேன். படுத்தாச்சு.”

“மணி அடிக்கி.”

“என்னது?”

“முயல்.”

“சரி, தூங்குதேன்.”

“மணி அடிக்கி.”

“இப்ப என்னது?”

“அதே முயல்.”

மாஸ்டர் சிரித்துவிட்டார். குரு திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். மாஸ்டர் பக்கத்திலிருந்த டைப்ரைட்டரின் உறையைச் சரிசெய்யத் தொடங்கினார்.

“விடிஞ்சிட்டு. இன்னும் ரெண்டு கொறைங்க.”

“கிளெரிக் மந்திரத்துல அசதி போகும்லா?”

“போகும். அசதி போயிட்டு. தூக்கம் போகல.”

மூன்றாம் நாள் அவர் வழி தவறினார். ரேஞ்சர் இருபது, வழி தவறினார். பெட்டியை ஒரு மரத்தடியில் வைத்துவிட்டு வெகுதூரம் நடந்து, பிறகு நினைவு வந்து திரும்பி வந்து எடுத்தார். இதையெல்லாம் பகடைதான் சொன்னது. ஆனால் அதைக் கேட்டுக்கொண்டிருந்த அண்ணாச்சி நிஜமாகவே மலையேறியவர் போல இருந்தார்.

“பொழுது சாயுது.”

“இருங்க டீச்சர், இருங்க.” அவசரமாகப் பக்கங்களைத் தள்ளினார். “ரேஞ்சர் ஓநாய் வளக்கலாம். அது காக்கட்டும்.”

“அது எப்பத் தூங்கும்?”

“பகல்ல.”

“பகல்ல நீங்க நடக்கீய. அதத் தூக்கிக்கிட்டா?”

“டிரூயிட் கொஞ்சம் சேத்துக்கிடவா?”

“சேருங்க. இருபது. டிரூயிட் என்ன செய்வான்?”

“மரமா மாறி நிப்பான். மரத்த யாரு என்ன செய்யப் போறா?”

“நில்லுங்க. பெட்டி கீழ கெடக்கு.”

அண்ணாச்சி புத்தகத்தின் கடைசிப் பக்கம் வரை போனார். திரும்ப முதல் பக்கத்துக்கு வந்தார். கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். ஃபேன் நன்றாகத்தான் சுற்றியது, அவரே மாட்டியது. எனக்கு எழுந்துபோய் அந்தப் புத்தகத்தை மூடிவிட வேண்டும் போல இருந்தது. குரு காத்திருந்தாள். காத்திருப்பதில் அவளை அடிக்க ஆள் இல்லை. எத்தனை பேர் ஒரு விரலால் தட்டித் தட்டி எழுத்தைத் தேடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள்.

“காவல் யாரு அண்ணாச்சி?”

அவரே புத்தகத்தை மூடிவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார். “பெட்டியத் தலைக்கு வச்சுக்கிட்டுக் கொஞ்சம் கண்ண மூடுதேன் டீச்சர். கொஞ்ச நேரம்.”

குருவின் முன்னால் எப்போதும் ஓர் அட்டைத் தடுப்பு நிற்கும். அதற்குப் பின்னால் அவள் உருட்டுவது எங்களுக்குத் தெரியாது. பகடை உருளும் சத்தம் கேட்டது. என்ன விழுந்தது என்று பார்த்தாள். அதன் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டாள்.

“என்ன விழுந்துச்சு?”

“நீங்க தூங்குதீயல்லா. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

அண்ணாச்சி அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் ஒரு பஸ் ஹாரன் அடித்துப் போனது.

“வீட்லயும் நான் இப்படித்தான் டீச்சர்” என்றார். “ஒம்பது வருசமா. பைப்புல தண்ணி சொட்டினாக்கூட எந்திச்சு உக்காந்திருவேன். வேற யாரு இருக்கா எந்திக்க?”

விதிப் புத்தகத்தை மறுபடி தன் பக்கம் இழுத்தார்.

“தூங்குறதுக்கு எந்தத் தொழில எடுக்கணும்? எத்தனாவது படியில வரும்?”

“உங்க தாள்ல அது வராது.”

“பெறவு?”

அவள் எங்கள் மூலையைப் பார்த்தாள். அவரும் திரும்பிப் பார்த்தார். நான் என் தாளைத்தான் மடியில் வைத்திருந்தேன். குனிந்து ஒரு தடவை மேலிருந்து கீழே படித்தேன். காயம் ஆற்றுதல், ஒளி ஏற்றுதல், ஒரு கதாயுதம், ஒரு போர்வை. தூக்கத்தைப் பற்றி என் தாளிலும் ஒன்றுமில்லை. எனக்கும் குழம்பிப் போயிற்று.

அண்ணாச்சி இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினார். காய்ச்சலில் ஊசி குத்தியபோதுகூட அவர் முகம் அவ்வளவு கஷ்டப்படவில்லை.

“ஜுலைகா.”

“சொல்லுங்க அண்ணாச்சி.”

“அந்த ராத்திரி கொஞ்ச நேரம் நீ காவல் இருப்பியா?”

“எத்தன மணிக்கு எழுப்பணும்?”

“எழுப்பணும்னு இல்ல.” யோசித்தார். “விடியட்டும்.”

“கடைசிக் காவல் எனக்கு” என்றார் மாஸ்டர், ஸ்டூலை இழுத்துக்கொண்டே.

நாங்கள் மேஜைக்குப் போய் எங்கள் நாற்காலிகளில் உட்கார்ந்தோம். அண்ணாச்சியின் தாள் என் முன்னால் கிடந்தது. ரேஞ்சர், ரோக், கிளெரிக், டிரூயிட், நான்கும் இருபது இருபதாக அப்படியே இருந்தன. அவர் ஒன்றையும் அழிக்கவில்லை, அழிக்கவும் நான் சொல்லவில்லை. கிளெரிக் என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். எதற்காக இத்தனை நாள் கோபப்பட்டேன் என்று சட்டென்று பிடிபடவில்லை.

குரு இன்னும் கையை எடுக்கவில்லை.

அண்ணாச்சி நாற்காலியில் சாய்ந்தார். சாய்ந்தவர் மறுபடி நிமிர்ந்தார்.

“டீச்சர், அந்தப் பகடையில என்னதான் விழுந்துச்சு? பெட்டி இருக்கா, போயிட்டா?”

குரு அட்டைத் தடுப்பை என் பக்கமாகக் கொஞ்சம் திருப்பினாள்.

“நீங்க தூங்குங்க அண்ணாச்சி. அத இனிமே ஜுலைகாகிட்டதான் சொல்லுவேன்.”